சஷ்டியில் கொழுத்த மீன்

கார்த்திகனுக்கு அன்று ஐந்தாம் நாள். கந்தசஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் என்று சொன்னால்தான் அவன் முகம் ஏன் அப்படித் தொங்கிக் கிடந்தது என்பது விளங்கும். பகல் முழுக்கத் தண்ணீரும் இளநீரும்தான். பொழுதுபட்ட பிறகு ஒரு நேரச் சோறு. அதிலும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது, வெங்காயம் கிடையாது, உள்ளி எனப்படும் வெள்ளைப்பூண்டின் வாசனைகூடக் கிடையாது. அவன் விரும்பி ஏற்ற விரதம் இது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவனுடைய அம்மா பிடித்தார். ஒரே வீட்டில் இருக்கிற குற்றத்துக்காக மகனும் பிடிக்க வேண்டியதாயிற்று. அவன் வேலை பார்ப்பதோ கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில். கீழே பத்து மணிக்கு மீன் ரோல்ஸ் பொரியத் தொடங்கினால் மேலே இவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

அந்த மேல்மாடியில்தான் யூஜினாவின் துப்பறியும் நிலையம் இருந்தது. இருபது வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில், எரியாத கடைகளுக்கும் மோதாத கார்களுக்கும் நட்டஈடு கேட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் பொய் சொல்லும்போது எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்பதைக் கரைத்துக் குடித்த பெண்மணி. மூக்கு நுனியில் கண்ணாடி, தோளில் ஒரு கறுத்தப் பை. கார்த்திகன் அவருக்கு உதவியாளன். உதவியைவிட வாய் கொஞ்சம் கூட.

யூஜினா தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்தார்.

"கார்த்தி, வெளிக்கிடு. வெள்ளவத்தையில ஒரு மீன் அஞ்சு நாளாச் சாப்பிடுதில்லையாம்."

"மிஸ், கொட்டாஞ்சேனையில ஒரு கார்த்திகனும் அஞ்சு நாளாச் சாப்பிடேல்லை. அதுக்கு ஆராவது துப்பறிய வந்தவையோ?"

"நீ ஏன் சாப்பிடல எண்டு ஊருக்கே தெரியும். அந்த மீனுக்கு அம்மா இல்லையே," என்று சொல்லிவிட்டு யூஜினா படியிறங்கினார்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி வீடு. கதவைத் திறந்தவர் நாகேந்திரம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நாடு முழுக்கக் குளங்களுக்குத் தண்ணீர் அளந்தவர், இப்போது கூடத்தில் ஆறடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றுக்கு அளந்துகொண்டிருந்தார். போன வருடம் இதயத்தில் சத்திரசிகிச்சை. மனதை அமைதியாக வைத்திருக்க ஏதாவது வளருங்கள் என்று டொக்டர் சொன்னாராம். ரோசாச் செடி வளர்த்திருக்கலாம். இவர் கடல்நீர்த் தொட்டி வைத்து, உலகத்திலேயே சாப்பாட்டுக்கு அதிகம் வம்பு பண்ணுகிற மீனாகப் பார்த்துப் பிடித்து உள்ளே விட்டார்.

"துரை எண்டு பேர்," என்றார் நாகேந்திரம்.

மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடுகள் ஓடிய, உள்ளங்கை அகலமான வண்ணத்துப்பூச்சி மீன். தன் பெயர் தெரிந்ததுபோல மெல்லத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது.

"இவருக்குக் கடலிலை பவளப் பூச்சியைத் தவிர வேறை ஒண்டும் இறங்காது. அதுக்காகக் கடலிலை போய் உயிர்ப் பவளத்தை உடைக்கேலுமே? அது சட்டப்படி குற்றம். அதாலை நானே பவளத் தீன் செய்யிறனான். இறால், கணவாய், மட்டி எல்லாம் அரைச்சு, கடற்பாசித் தூளும் போட்டு, கட்டியாக்கி, அந்தப் பொய்ப் பவளத்தின்ரை ஓட்டையளுக்குள்ளை அப்பி விடுவன். அவர் உண்மையான பவளமெண்டு நினைச்சுக் கொத்துவார். பழக்கிறதுக்கு மூண்டு மாசம் பிடிச்சது."

"பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டார் யூஜினா.

"பிறகு சஷ்டி வந்தது."

விஷயம் இதுதான். நாகேந்திரத்தின் மனைவி நேசமலர் விரதத்தில் மகா கண்டிப்பானவர். சஷ்டி தொடங்குவதற்கு முதல்நாளே சட்டிபானை தொடக்கம் குளிர்சாதனப் பெட்டி வரை கழுவித் துடைத்து, ஆறு நாளும் இந்த வீட்டு வாசற்படிக்குள் மச்சம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். வரவிட மாட்டேன் என்று நாகேந்திரமும் சத்தியம் பண்ணினார். இறால் தீன் இருந்த டப்பாவை மூடி ஒட்டி, மீன்தொட்டிச் சாமான் விற்கிற ஜவாத்தின் கடை பிரீசரில் கொண்டுபோய் வைத்துவிட்டு, துரைக்குக் கடற்பாசியும் சோயாவும் கீரையும் அரைத்த சைவத் தீன் செய்து கொடுத்தார்.

"மீனையும் விரதம் பிடிக்க வைச்சிட்டியள்," என்றான் கார்த்திகன். அவன் குரலில் துரைமேல் ஒரு சகோதர பாசம் தெரிந்தது.

"பகிடி விடாதையும் தம்பி. அது வாயே வைக்கேல்லை. அதோடை முடிஞ்சால் பரவாயில்லை. இண்டைக்கு விடிய இது பவளத்துக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு இருந்தது." ஒரு சின்னப் போத்தலுக்குள் இளஞ்சிவப்பாக இருந்த ஏதோ ஒரு துணுக்கைக் காட்டினார். "ஆரோ என்ரை மீனுக்கு நஞ்சு வைக்கினம். ஆரெண்டும் எனக்குத் தெரியும்."

அவர் கண் அடுக்களைப் பக்கம் போயிற்று. அங்கே ஒரு கதிரையில், காலடியில் பயணப் பையுடன், ஜெயராணி இருந்தாள். பொகவந்தலாவையிலிருந்து வந்து மூன்று வருடமாக இந்த வீட்டில் தங்கி வேலை செய்கிற பெண். வெளிவாசலில் மின்மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் எதையோ ஒளிப்பதை மூன்று தரம் கண்டதாக நாகேந்திரம் சொன்னார். கேட்டால் பதில் இல்லை. ஆகவே மூன்று மணிக்கு மருமகனுடைய வேன் வரும்; அவளைக் கோட்டை பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். நேசமலருக்கு இதெல்லாம் தெரியாது. விரதக்காரியின் மனதைக் குழப்பக் கூடாதென்று, ஜெயராணியின் அம்மாவுக்குச் சுகமில்லை, அதனால்தான் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். நேசமலர் இப்போது கோவிலில்.

"அப்ப எல்லாத்தையும் நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. நாங்க எதுக்கு?" என்றார் யூஜினா.

"ஆதாரம் வேணும். ஆதாரமில்லாமல் ஒருத்தியை அனுப்பினன் எண்டு இருக்கக் கூடாது."

நல்ல மனிதர்தான், என்று கார்த்திகன் நினைத்தான். அனுப்புகிற முடிவை முதலிலும் ஆதாரத்தைப் பிறகும் தேடுகிற நல்ல மனிதர்.

யூஜினா ஜெயராணிக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"பையில என்ன மகள், இவ்வளவு பாரம்?"

"புத்தகங்க மிஸ். பின்னேரத்துல நோயாளி பராமரிப்பு வகுப்புக்குப் போறேன். ரெண்டு கிழமையில பரீட்சை."

"இந்த வீட்டை விட்டுப் போனா?"

"வகுப்பும் போச்சுங்க. கொழும்புல தங்க எனக்கு வேற இடமில்ல."

"அப்ப அந்த மீட்டர் பெட்டியில என்ன எண்டு சொல்லிட்டா முடிஞ்சுதே."

ஜெயராணி நிலத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேரே யூஜினாவின் கண்ணைப் பார்த்தாள். "நான் அந்த மீனுக்கு ஒரு கெடுதியும் செய்யல. அதுக்கு மேல கேக்காதீங்க மிஸ். நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

யூஜினா எழுந்து வந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். துரையைப் பார்த்தார். பிறகு கார்த்திகனைப் பார்த்தார். மறுபடி துரையைப் பார்த்தார்.

"சார், இவனும் அஞ்சு நாள், அதுவும் அஞ்சு நாள். இவன்ட கன்னத்தைப் பாருங்க, ஒட்டிப் போச்சு. உங்கட துரைட வயிற்றைப் பாருங்க."

நாகேந்திரம் குனிந்து பார்த்தார். துரையின் வயிறு கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தியிலும் உட்கார்ந்தவரின் வயிறுபோல உருண்டிருந்தது. மூன்று மாதம் அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, கவலை கண்ணை மறைத்திருந்தது.

"பட்டினி கிடக்கிற மீனுக்குக் கழிவு வராது. கார்த்தி, அந்த மூலையில கிடக்கிறது என்ன நிறம் எண்டு பார்."

"மிஸ், நான் விரதக்காரன்."

"சாப்பிடச் சொல்லல. பார்க்கச் சொன்னேன்."

கார்த்திகன் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தான். "சிவப்பு மாதிரி."

"கீரையும் பாசியும் எண்டா பச்சையா இருக்கணும்." யூஜினா போத்தலைத் திறந்து ஒருமுறை முகர்ந்தார். "நஞ்சும் இல்லை, ஒண்டும் இல்லை. இது நல்ல இறால்."

நாகேந்திரம் இரண்டடி பின்னால் போனார். நஞ்சு என்று நினைத்தபோதுகூட அவர் முகம் இப்படி வெளிறவில்லை. "இறாலோ? என்ரை வீட்டிலையோ? சஷ்டியிலையோ?"

மீட்டர் பெட்டியைக் கார்த்திகன் திறந்து பார்த்தான். வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று, உள்ளே உருகிய ஐஸ் தண்ணீர், நனைந்த வாழையிலைத் துண்டு. வேறொன்றும் இல்லை.

"கதவுக்கு வெளியில," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் யூஜினா. "பார்த்தியா, வீட்டுக்குள்ள இல்லை."

ஜவாத்தின் கடை மூன்று ஒழுங்கை தள்ளி இருந்தது. சுவர் முழுக்கத் தொட்டிகள். நடுவே ஜவாத், வாடிக்கையாளரைக் கண்டதும் வாய் நிறையச் சிரிப்பு. வந்த காரியத்தைச் சொன்னதும் பிரீசரைத் திறந்து நாகேந்திரத்தின் டப்பாவை எடுத்துக் காட்டினார். மூடியைச் சுற்றி ஒட்டிய காகிதத்தில் நாகேந்திரத்தின் கையெழுத்தும் திகதியும் அப்படியே இருந்தன.

"யாரும் தொடல்ல. ஐயா அணைக்கட்டுக்கு முத்திரை வெக்கிற மாதிரி வெச்சிட்டுப் போயிக்கிறார்," என்றார் ஜவாத்.

கார்த்திகனுக்கு ஏமாற்றம். வெயிலில் நடந்து வந்த தூரம் வீண். ஆனால் யூஜினா அசையவில்லை.

"அப்ப வேற டப்பா ஒண்டு வித்தீங்க. யாருக்கு?"

"ஐயாட வீட்டுக்குத்தானே! அங்க வேலை செய்ற புள்ள வந்திச்சு, ரெண்டாம் நாளு. ஒரு டப்பா வாங்கி இங்கயே வெச்சிட்டு, பின்னேரம் வகுப்பு முடிஞ்சி போற நேரம் ஒவ்வொரு துண்டா எடுத்திட்டுப் போகுது. பிளாஸ்க் ஒண்டு கொண்டு வரும். பொலித்தீன்ல வேணாம், வாழையிலைல சுத்தித் தாங்க எண்டு சொல்லும்."

"போச்சு," என்றான் கார்த்திகன். அந்தப் பெண்மேல் அவனுக்கு இரக்கமாக இருந்தது. நஞ்சு வைத்தாள் என்றால்கூட நாகேந்திரம் மன்னிப்பார். சஷ்டியில் இறால் கொண்டுவந்தாள் என்றால் மூன்று மணி வேன் இரண்டு மணிக்கே வந்துவிடும்.

"அதில்ல மிஸ் சிரிப்பு," ஜவாத் தொடர்ந்தார். "மொத நாளு டப்பாவைக் கைல குடுத்தா, இதுல வெள்ளப்பூடு போட்டிருக்கா எண்டு கேக்குது. போட்டுத்தான் ஈக்குது, அந்த வாசத்துக்குத்தான் மீன் வரும் எண்டேன். அப்ப வேணாம், வெள்ளப்பூடு இல்லாம அரைச்சுத் தாங்க எண்டு சொல்லிட்டுது. இருபத்தஞ்சு வருசம் யாவாரம் செய்றேன். வெள்ளப்பூடு சேராத மீனை இப்பத்தான் கேள்விப்படுறேன்!"

யூஜினாவின் கண்ணாடி மூக்கு நுனியிலிருந்து மேலே ஏறியது. வழக்கு முடிந்தால்தான் அது ஏறும்.

வீதிக்கு வந்ததும் அவர் நின்றார். "கார்த்தி, இறாலையே குடுக்கத் துணிஞ்ச ஆளுக்கு அதில உள்ளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அந்தப் பிள்ளை இதைத் தன்ட பாட்டுக்கு வாங்கியிருந்தா அதைப் பற்றி யோசிச்சே இருக்காது. இறாலிலகூட உள்ளியை விலக்கி விரதம் பிடிக்கிற ஆள் யார்?"

"என்ரை அம்மாவைப் போல ஆராவது..." என்று தொடங்கிய கார்த்திகன் பாதியில் நின்றுவிட்டான். வாய் திறந்தபடியே இருந்தது.

"வாயை மூடு. ஈ போயிடும். விரதம் முறிஞ்சிடும்."

"அப்ப போய்ச் சொல்லுவம் மிஸ்!"

"விரதக்காரியைக் குற்றவாளிக் கூண்டில ஏத்த எனக்கு வராது. சாட்சி ஒண்டு இருக்கு. அதுவே சொல்லட்டும்."

அவர்கள் திரும்பியபோது மணி இரண்டரை. நேசமலர் கோவிலிலிருந்து வந்து சாமியறைக்குள் இருந்தார். நாகேந்திரம் கூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார்.

"அடையாள அணிவகுப்பு ஒண்டு வைக்கப் போறேன்," என்றார் யூஜினா.

"ஆரை ஆர் அடையாளம் காட்டுறது?"

"இத்தனை நாளாத் தனக்குச் சாப்பாடு குடுத்தது யார் எண்டு துரைக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஆளா முன்னால வாங்க. முதல்ல நீங்க."

நாகேந்திரம் நம்பிக்கையோடு போய்க் கண்ணாடியருகில் நின்றார். துரை அவரைக் கண்டதும் சட்டென்று திரும்பிப் பாறைக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டது. ஐந்து நாள் சோயா கொண்டு வந்த கையை அதற்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பெரிய மனிதரின் முகம் சின்னப் பிள்ளையுடையதுபோல் சுருங்கிவிட்டது. கார்த்திகனுக்கே பாவமாக இருந்தது.

அடுத்தது கார்த்திகன். துரை ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, இவனிடம் ஒன்றும் இல்லை என்று கண்டு திரும்பிவிட்டது.

"இப்ப நீ வா மகள்," என்றார் யூஜினா.

ஜெயராணி எழுந்து வந்தாள். நாகேந்திரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார்த்திகனும்தான். மீன் ஒரு முழம் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பெண்ணின் பரீட்சை போயிற்று. துரை வெளியே வந்தது, அவளைப் பார்த்தது, பக்கவாட்டில் ஒரு வட்டம் அடித்தது, மறுபடி பாறைக்குள் போய்விட்டது.

"பார்த்தீங்களா சார்? இந்தப் பிள்ளை ஒரு நாளும் இதுக்குச் சாப்பாடு போடல," என்றார் யூஜினா.

"அப்ப ஆர்?"

சாமியறைக் கதவு திறந்தது. "என்னப்பா சத்தம்? ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டபடி நேசமலர் வெளியே வந்தார். ஈரத் தலையில் முடிச்சு, நெற்றி நிறையத் திருநீறு, ஐந்து நாள் பட்டினியில் கொஞ்சம் தள்ளாடும் நடை.

துரை பாறைக்குள்ளிருந்து அம்பாகப் புறப்பட்டது. தொட்டியின் இடது மூலையில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி, வாயைத் திறந்து திறந்து மூடியது. நேசமலர் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி போயிற்று. அவர் நின்றால் அதுவும் நின்றது. நாகேந்திரம் மீனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த கதிரையில் மெல்ல இருந்தார்.

"இஞ்சாருங்கோ," என்றார் நேசமலர். பிறகு, "ஓம், நான்தான்," என்றார்.

"நீயோ? நீயோ மலர்?"

"ரெண்டாம் நாள் அது கண்ணாடிக்குக் கிட்ட வந்து என்னையே பார்த்துக்கொண்டு நிண்டுது. விரதம் பிடிக்கிறது நான். அது என்ன நேர்த்தி வைச்சதே? உங்களிட்டைச் சொன்னால் நீங்கள் பண்ணின சத்தியத்தை நீங்களே முறிக்கோணும். அதுக்கு எனக்கு மனமில்லை. அதுதான் இந்தப் பிள்ளையைக் கும்பிட்டுக் கேட்டு, ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு வாங்குவிச்சனான். விடிய நாலரைக்கு மீட்டர் பெட்டியிலையிருந்து இடுக்கியாலை எடுத்துத் தொட்டிக்குள்ளை வைச்சுப்போட்டு, தலையோடை தோய்ஞ்சுபோட்டுத்தான் சாமியறைக்குப் போறனான். தொட்டிக்குள்ளை இருக்கிறது கடல்தண்ணிதானே. கடலிலை மச்சம் இருந்தால் குற்றமே? உள்ளிகூடச் சேர்க்கேல்லை," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

கார்த்திகன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரிய பாடு.

"ஒரு மீனுக்காக உன்ரை விரதத்தை..." என்று தொடங்கினார் நாகேந்திரம்.

"மீனுக்காகவோ?" என்று கேட்டார் நேசமலர். "ஒப்பரேசன் முடிஞ்சு வந்த நாளிலையிருந்து நீங்கள் சிரிச்சது இந்தத் தொட்டிக்கு முன்னாலை மட்டும்தான். அது செத்துக் கிடக்கிறதைக் கண்டால் நீங்கள் என்ன ஆவியள் எண்டு எனக்குத் தெரியாதே? நான் இந்த ஆறு நாளும் ஆருக்காகப் பட்டினி கிடக்கிறன் எண்டு நினைச்சியள்?"

நேசமலர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் நினைவு வந்தவர்போல, இடுப்பில் செருகியிருந்த சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து ஜெயராணியிடம் நீட்டினார்.

"இந்தா பிள்ளை. கொம்மாவின்ரை பேருக்கு அர்ச்சனை செய்விச்சனான். திருநீறு. போன உடனை நெத்தியிலை பூசி விடு, சுகம் வரும்."

காலையிலிருந்து எத்தனை கேள்விக்கும் கலங்காத ஜெயராணி, அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்காங்க."

"பிறகு ஏன் போறாய்?"

நேசமலர் பையைப் பார்த்தார். யூஜினாவைப் பார்த்தார். கடைசியில் கணவனைப் பார்த்தார். நாகேந்திரம் கூரையில் சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூஜினாவின் இருபது வருட அனுபவத்தில் பொய் சொன்னவர்கள் அதிகமாகப் பார்த்த இடம் அதுதான்.

"விளங்குது," என்றார் நேசமலர். பொட்டலத்தை ஜெயராணியின் கையிலிருந்து மெல்லத் திருப்பி எடுத்தார். "செய்த அர்ச்சனை வீணாப் போகக் கூடாது. சுகமில்லாத ஆள் ஆரெண்டு இப்பத்தான் தெரியுது. இஞ்சாலை வந்து குனியுங்கோ."

நாகேந்திரம் எழுந்து வந்து குனிந்தார். நேசமலர் கையில் திருநீற்றை எடுத்தார், ஆனால் பூசவில்லை.

"எனக்கு முன்னாலை ஏன் குனியிறியள்? அந்தப் பிள்ளைக்கு முன்னாலை போய் நில்லுங்கோ. அவள் சரியெண்டால்தான் நான் பூசுவன்."

கீழே ஒழுங்கையில் வேனின் ஹோர்ன் இரண்டு தரம் ஒலித்தது. நாகேந்திரம் ஜெயராணிக்கு முன்னால் போய் நின்றார். ஆயிரக்கணக்கான ஏக்கருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட மனிதருக்கு நாலு சொல் வெளியே வர ஒரு நிமிடம் பிடித்தது.

"போகாதை பிள்ளை. பிழை என்ரை."

ஜெயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு வேலை போகும்னுகூட நான் அழல ஐயா. நல்லா இருக்கிற எங்கம்மாவுக்கு நோய்னு சொன்னீங்க. அதை நம்பி, அஞ்சு நாளா ஒண்ணும் சாப்பிடாத இந்த அம்மா வெயில்ல நடந்து போய் அர்ச்சனை செஞ்சிட்டு வந்திருக்காங்க. அதுதான் எனக்குத் தாங்கல."

நாகேந்திரம் தலையை நிமிர்த்தவே இல்லை. ஹோர்ன் மறுபடி ஒலித்தது.

"கார்த்தி, கீழ போய் அந்த வேனைத் திருப்பி அனுப்பிட்டு வா," என்றார் யூஜினா.

கார்த்திகன் வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தான். ஜெயராணி நேசமலரின் கையிலிருந்து திருநீற்றை வாங்கி, தானே நாகேந்திரத்தின் நெற்றியில் பூசிவிட்டுக்கொண்டிருந்தாள்.